நாலு ஃபிரேம்வொர்க்கும் ஒரு பீரோ சாவியும்

“அவ எங்கீங்க போகப்போறா, சாவியே அவகிட்டத்தான் இருக்குது.”

அக்கா, எங்கள் சார் ஆபீஸ் படிக்கட்டில் நின்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன் வந்ததா என்று பார்க்க நான் வெளியே வந்தேன், காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்ணை நம்பி, பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு முதலாளி பழனிக்கு நடந்து போகிறார் என்றால் சும்மாவா. இது நேற்று சாயங்காலம். இன்றைக்கு நான் அந்தச் சாவியோடு சென்னை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். இதோ, கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள். திருடவில்லை.

நீங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவிநாசியில் ஏறியதிலிருந்தே என்னைக் கவனித்துக்கொண்டு வருகிறீர்கள், தெரியும். அழுதேன் என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை. சன்னல் காற்று. பொதுவாக நான் யாரிடமும் பேச மாட்டேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கே என் முழுப்பெயர் பவதாரணி என்று தெரியாது, பவி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் என்று சொன்னீர்களே, அதனால்தான் வாய் திறந்தேன். நானும் செக்கிங்தான். நீங்கள் தையலைப் பார்க்கிறீர்கள், நான் சாஃப்ட்வேரைப் பார்க்கிறேன்.

ஒரு பெண் இன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு காரியம் செய்துவிட்டாள். அது சரியா தப்பா என்று நீங்கள் சொல்ல வேண்டும். சேலம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சேலத்தில் இறங்கித் திரும்பிப் போவதா, இல்லை இப்படியே சென்னைக்குப் போவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் சென்னையில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரு வாரியத்தில் உதவி புரோகிராமர் வேலை. எழுத்துத் தேர்வு பாஸாகிவிட்டேன். ஒரிஜினல் சான்றிதழோடு நேரில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஒரிஜினல் எல்லாம் சாரிடம் இருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, டி.சி., எல்லாம். சேரும்போதே வாங்கிப் பீரோவில் வைத்துவிடுவார். எங்கள் ஆபீஸில் அது வழக்கம். “ஹாஸ்டல்ல எலி கடிச்சுப்போடும் கண்ணு, இங்க இருந்தா பத்திரமா இருக்கும். ஒரு புராஜெக்டை முடிச்சுக் குடுத்துட்டு நீயா வந்து வாங்கிக்கோ” என்றார். எங்கள் ஹாஸ்டலில் எலி இருப்பது உண்மைதான். நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கும் திருப்தி. கோபியில் அரிசி மில்லில் கணக்கெழுதுகிறார் அப்பா. “பெத்தவனுக்கு மேல யோசிக்கறாரு மனுசன்” என்றார்.

என்ன புராஜெக்ட் என்றால், சொல்கிறேன். நாங்கள் ஒரு பிளகின் செய்கிறோம். ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பிளகின் என்றால் தனியாக நிற்காது, சட்டைக்குப் பட்டன் மாதிரி. யார் சட்டையில் வைத்துத் தைத்தாலும் நிற்க வேண்டும். எங்கள் பட்டன் ஒரு காலண்டர். கல்யாண மண்டபங்களின் வெப்சைட்டில் அதை வைத்துவிட்டால், எந்த நாள் முகூர்த்தம், எப்போது ராகுகாலம், எந்த நாளில் மண்டபம் காலி, எல்லாம் காட்டும். எழுதியது மாதேஷ் அண்ணா, தர்மபுரிக்காரர். செக் செய்வது நான். அவர் ஒரு வரி மாற்றினால் நான் தேதி தேதியாக அமுக்கிப் பார்க்க வேண்டும். சித்திரையில் ஆரம்பித்து பங்குனி வரை. பிறகு வேறு பிரவுசர், மறுபடியும் சித்திரை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே மாதிரி பனியனைப் பார்த்துப் பார்த்துக் கண் என்ன ஆகும் என்று.

போன சித்திரையில் சார் கூப்பிட்டார். “கண்ணு, இதைத் தானா செக் பண்ற ஃபிரேம்வொர்க் எல்லாம் இருக்குதாமே. நல்லதா ஒண்ணைப் பாத்துச் சொல்லு. ஒரு வாரத்துல முடிச்சிரு. இதுதான் உன்ற புராஜெக்ட். முடிஞ்சா உன்ற சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கலாம்” என்றார்.

ஃபிரேம்வொர்க் என்றால் வேறொன்றுமில்லை, எனக்குப் பதிலாக அதுவே தேதியை அமுக்கிப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எது சரி என்பதை மட்டும் நாம் முதலில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதைத்தான் டெஸ்ட் என்பார்கள். அதில் பல வகை உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் அந்த வாரமே தேர்ந்தெடுத்துவிட்டேன் அக்கா. க்யூயூனிட் என்று ஒன்று. எங்கள் பிளகின் பழைய ஜேக்வெரி முறையில் எழுதியது, அந்த மாதிரி பிளகின்களுக்கென்றே வந்த ஃபிரேம்வொர்க் அது. ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், மேலே ஒரு பச்சைக் கோடு வந்து நிற்கும். எனக்கு அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்க அவ்வளவு பிடித்தது. சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரே கடையில ஏறி எறங்கிப் புடவை எடுப்பமா? இன்னொண்ணையும் பாத்துரு கண்ணு” என்றார்.

நியாயம்தானே. மோக்கா என்று இன்னொன்றைப் பார்த்தேன். அதில் ஓட்டுவது ஒன்று, சரி தப்பு பார்ப்பது இன்னொன்று, அதை நாம்தான் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதிய டெஸ்ட் அத்தனையையும் மோக்காவுக்கு மாற்றி எழுதினேன். “ரெண்டை வெச்சு என்ன முடிவு பண்றது? மூணாவது ஒண்ணு வேணும்” என்றார். ஜாஸ்மினைப் பார்த்தேன். அதில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதற்குள் யாரோ அவருக்கு ஜெஸ்ட் என்று சொல்லிவிட்டார்கள். “இப்ப எல்லாரும் அதுதான் வெக்கறாங்களாமே, அதைய விட்டுப்போட்டு முடிவு பண்ணா நாளைக்கு நம்மளைத்தானே கேப்பாங்க.” அதுவும் நியாயம்தான். ஜெஸ்டில் நிஜ பிரவுசர் திறக்காது, பிரவுசர் மாதிரி ஒன்றை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பார்க்கும். அதற்கும் எல்லாவற்றையும் எழுதினேன்.

ஒரு பெரிய அட்டவணை போட்டேன். நான்கு ஃபிரேம்வொர்க்கும் நான்கு பத்தி. வேகம், கற்றுக்கொள்ளும் சிரமம், உதவிக்கு ஆள் உண்டா. சார் தினமும் ஒரு வரி சேர்க்கச் சொல்வார். ஒரு நாள் “இதெல்லாம் எந்த நாள்ல மொதமொத வெளியாச்சுன்னு பாரு கண்ணு” என்றார். எதற்கு சார் என்றேன். “முகூர்த்தம் பாத்துச் சொல்ற காலண்டர் விக்கறோம். நாமளே கரிநாள்ல பொறந்ததைய வெச்சுட்டா?” அதையும் தேடி எடுத்தேன். சிரமம்தான், முதல் வெளியீடு எதுவென்றே அவர்களுக்குள் தகராறு. ஒன்று அஷ்டமியில் வந்திருந்தது. எது என்று சொல்ல மாட்டேன், பாவம்.

சிரிக்கிறீர்கள். அந்த ஆபீஸில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டு எதையும் செய்வதில்லை அக்கா. என்னை மட்டும் சார் ஒவ்வொரு தடவையும் கேட்பார். “நீ சொல்லு கண்ணு, உன்ற முடிவுதான்.” நான் சொல்வேன். உடனே அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு கூத்து நடந்தது. காலண்டரை டெஸ்ட் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. ‘இன்று’ என்பதற்கு அது ஒரு வட்டம் போடும். இன்றைக்கு எழுதிய டெஸ்ட் நாளைக்குச் சிவப்பாகிவிடும், ஏனென்றால் வட்டம் நகர்ந்துவிடும். அதனால் டெஸ்ட்டுக்குள் மட்டும் தேதியை ஒரே நாளில் நிறுத்தி வைக்க வேண்டும். நான் எழுத ஆரம்பித்த அன்றைக்கே நிறுத்தி வைத்திருந்தேன், சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சார் அட்டவணையில் அதைப் பார்த்துவிட்டார். “செவ்வாக்கெழமையா? நாளை நிறுத்தறதுன்னா ஒரு நல்ல நாளாப் பாத்து நிறுத்தக் கூடாதா? மாத்து கண்ணு.” வைகாசியில் ஒரு வளர்பிறை முகூர்த்தமாகப் பார்த்து மாற்றினேன். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்பு. மண்டபம் காலி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் காலி இல்லை என்று சொன்னது. முகூர்த்த நாளில் எந்த மண்டபம் காலியாக இருக்கும்? உட்கார்ந்து நான்கு ஃபிரேம்வொர்க்கிலும் எல்லாவற்றையும் திருத்தினேன். வெளியே ஆடி போனது, ஆவணி போனது. என் மேஜையில் மட்டும் அதே வைகாசி முகூர்த்தம்தான். இப்போதும் அதேதான்.

மாதேஷ் அண்ணா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். நல்லவர்தான், ஆனால் எதிலும் பொறுப்பு கிடையாது. ஒரு தடவை என் மேஜைக்கு வந்து மெதுவான குரலில், “பாப்பா, நாலும் வேலை செய்யும். ஏதோ ஒண்ணை ஓட்டிட்டு, இதுதான்னு சொல்லிட்டு, சர்ட்டிபிகேட்டுக்குக் கையை நீட்டு. யோசிக்க விடாதே” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் இவ்வளவு பாடுபட்டு அட்டவணை போட்டிருக்கிறேன், இவர் ஏதோ ஒன்று என்கிறாரே. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். சார் அவரை எதுவும் கேட்பதில்லை, பாருங்கள்.

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். ஆவணியில் எம்.சி.ஏ.வுக்கு இடம் கிடைத்தது, ஒரிஜினல் கேட்டார்கள். சாரிடம் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். “புராஜெக்டை நடுவுல விட்டுட்டுப் போனா உனக்குத்தான் கண்ணு கெட்ட பேரு. படிப்பு எங்க ஓடிப்போகுது? அடுத்த வருசம் படி” என்றார். ஓடித்தான் போனது. ஆனால் அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. புரட்டாசியில், விஜயதசமிக்கு ஆரம்பித்துவிடலாம் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். மாதேஷ் அண்ணா சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேரே சார் ரூமுக்குப் போய், பீரோ கதவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார். “கம்பெனியோட ஆயுதத்தை விட்டுட்டீங்களே” என்றார். சார்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பூஜையில் என்ன விளையாட்டு.

விஜயதசமி அன்று காலையில் ஜெஸ்டை வைத்து ஓட்டினோம். ஒன்று விடாமல் பச்சை. தேங்காய் உடைத்தோம். சார் என் தலையில் கை வைத்து, “முடிச்சுட்டியே கண்ணு” என்றார். அப்போது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வந்தது. சுண்டல் கொடுத்துவிட்டார், வாயில் சுண்டல். அடுத்த நாள் போய் நின்றேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது. “ராத்திரியெல்லாம் யோசிச்சேன் கண்ணு. நீ போனதுக்கப்பறம் இதைய ஆரு ஓட்டுவா? புதுசா ஒரு புள்ள வரட்டும். அவகிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டு நீ சந்தோசமாப் போ. வர்ற புள்ளைக்கு எந்த ஃபிரேம்வொர்க் தெரியுமோ என்னமோ, அவளும் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நாலையும் அப்படியே வெச்சிரு.”

ஒரு மனிதருக்கு எவ்வளவு பொறுப்பு இருந்தால் ராத்திரியெல்லாம் யோசிப்பார், சொல்லுங்கள்.

மாதேஷ் அண்ணா தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் வரவே இல்லை. போனையும் எடுக்கவில்லை. எவ்வளவு அலட்சியம், தன் சான்றிதழைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார். சார் அதையும் தூக்கிப் போடவில்லை அக்கா. இன்றுவரை பீரோவில் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

போன் அடிக்கிறது, ஒரு நிமிஷம். சார்தான். வேண்டாம், முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இது மூன்றாவது தடவை. பெருந்துறையிலும் அடித்தார்.

கார்த்திகையில் ஆள் கிடைக்கவில்லை. மார்கழியில் யாரையும் சேர்க்க மாட்டார். தை பிறந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேதி வந்தது, இந்த வெள்ளிக்கிழமை என்று. அப்பா போனில் அழுதுவிட்டார், சந்தோஷத்தில். சாரிடம் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். ஸ்வீட் வாங்கி வரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். “புதுப் புள்ள வியாழக்கெழமை வருது. ஆனா பாரு, நான் மாலை போட்டிருக்கேன், புதங்கெழமை சாயங்காலம் பழனிக்கு நடைப்பயணம் கெளம்பறேன். சாவியை நீ வெச்சுக்கோ. அந்தப் புள்ளையோட ஃபைலை வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிரு. நான் சனிக்கெழமை பஞ்சாமிர்தத்தோட வந்து உன்றதை என் கையாலயே எடுத்துக் குடுக்கறேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை சார், என்றேன்.

“அதெல்லாம் வேற தேதி குடுப்பாங்க கண்ணு. எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, நான் பேசறேன்” என்றார். பேசியிருப்பார். மறந்தாலும் மறந்திருப்பார், நடைப்பயண ஏற்பாடு, தலைக்கு மேல் வேலை.

இன்றைக்குக் காலையில் அந்தப் பெண் வந்தாள். பெயர் ஜெனிஷா, நாகர்கோவில் பக்கம். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். முதலில் அட்டவணையைத் திறந்து காட்டினேன். கீழே, கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனாள்.

“இதுல நீங்க எதைச் செலக்ட் பண்ணுனீங்க அக்கா?” என்றாள்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும், புதிதாக வருகிறவர் முடிவுக்கு சார் விட்டிருக்கிறார் என்றேன்.

“நான் சொன்னப்பறம்?”

சார் பார்ப்பார்.

“பாத்தப்பறம்?”

யோசிப்பார்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். நான் ஃபைலைக் கேட்டேன். எல்லாம் ஒரிஜினல்தானே என்றும் கேட்டேன், சார் அதைக் கேட்கச் சொல்லியிருந்தார். “இதை எதுக்கு வாங்கி வச்சுக்கிடுதாவ?” என்றாள். பத்திரத்துக்குத்தான், என்னுடையதும் உள்ளேதான் இருக்கிறது, எலிகூட அண்டாது என்றேன்.

“உங்களுக்கு நாளைக்கு சென்னையில வெரிஃபிகேஷன்னு இப்பதானே சொன்னீங்க.”

ஆமாம்.

“சார் எப்ப வருவாவ?”

சனிக்கிழமை.

“சாவி யார்ட்ட இருக்கு?”

என்னிடம்தான் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள், என் உள்ளங்கையிலிருந்து சாவியை எடுத்தாள், சார் ரூமுக்குள் போய்ப் பீரோவைத் திறந்துவிட்டாள். அந்தச் சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். “ஜெனிஷா, வேண்டாம், சார் என்னை நம்பிக் கொடுத்தது” என்று சொல்கிறேன், அவள் ஒவ்வொரு ஃபைலாகத் திருப்பிப் பெயர் பார்க்கிறாள். நான் நினைத்ததைவிட நிறைய ஃபைல் இருந்தது அக்கா. சில பெயர்கள் நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களாக இருக்கும். அத்தனை பேருடையதையும் பாதுகாத்து வைத்திருக்கிறார். என்னுடையதை எடுத்து என் கையில் கொடுத்தாள். பூட்டினாள். சாவியையும் கொடுத்தாள். தன் ஃபைலை எடுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என்னை ஹாஸ்டலுக்கு இழுத்துக்கொண்டு போனாள், இரண்டு சுடிதாரைப் பையில் திணித்தாள், காந்திபுரம் கூட்டிவந்து இந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பும்போது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நடுவுல எங்கயும் எறங்கிராதீங்க” என்றாள். அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள், இது சரியா? கேட்காமல் எடுப்பது என்றால் என்ன அர்த்தம்? என் பொருளாகவே இருக்கட்டும். அவர் கையால் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகு? அவளுக்கு என்ன, அவள் இறங்கிப் போய்விட்டாள், இனி அந்த ஆபீஸ் படி ஏற மாட்டாள். சார் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அதிலும் சாவி. சாவியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். பதற்றத்தில் கைக்குட்டையோடு வந்துவிட்டது.

என்ன அக்கா, கூரியரிலா? பீரோ சாவியை யாராவது கூரியரில் அனுப்புவார்களா.

மறுபடியும் அடிக்கிறது. எடுத்துவிடுகிறேன். எடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை.

“சொல்லுங்க சார்… இல்லீங்க சார், ஆபீஸ்ல இல்லீங்க… பஸ்ஸுங்க சார்… சங்ககிரி தாண்டிருச்சுங்க… ஆமாங்க சார்… நான் எடுக்கலீங்க சார், அந்தப் பொண்ணு… ஆமாங்க, என்றது மட்டுந்தாங்க… சாவி என்கிட்டத்தாங்க சார் இருக்குது… இல்லீங்க சார்… அப்பாகிட்ட எதுக்குங்க சார்… சரிங்க சார்… சரிங்க… சரிங்க சார்.”

பார்த்தீர்களா அக்கா. ஒரு கோப வார்த்தை இல்லை. இன்னொருவராக இருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பார்? “பயந்துக்காதே கண்ணு, சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டே. சேலத்துல எறங்கி அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்து, எல்லாத்தையும் இருந்த எடத்துலயே வெச்சிரு. நடந்ததே எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கறேன். சனிக்கெழமை முறையா வாங்கிக்கோ. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன், அவரைப் பதற வெக்க வேண்டாம்” என்கிறார். பின்னால் முருகன் பாட்டு கேட்கிறது, வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்துகொண்டே எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு இப்போதுதான் அழுகை வருகிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். முதல் தடவையாக நானே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சேலத்தில் இறங்குகிறேன். நாளைக்குச் சென்னையில் யாராவது, நான்கில் கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? இன்னும் முடிவாகவில்லை என்றா? ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எப்படி இன்னொன்றுக்குப் போவது. திரும்பிப் போய் க்யூயூனிட்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன். இல்லை, ஜெஸ்ட். விஜயதசமிக்குப் பூஜை போட்டதே அதற்குத்தான்.

பாலத்தில் ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வந்துவிடும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் அக்கா, நான் சன்னல் பக்கம் மாட்டிக்கொண்டேன். பையை எடுத்துக்கொள்கிறேன். ஃபைல் மடியிலேயே இருக்கட்டும்.

என்ன, குழந்தையையா? ஒரு நிமிஷம்தானே, புடவையைச் சரி செய்துகொள்ளுங்கள். கொடுங்கள். தலையை இந்தப் பக்கம்… நல்ல தூக்கம். ஃபைலுக்கு மேலேயே படுக்க வைத்துவிட்டீர்களே, பரவாயில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

அக்கா.

அக்கா, பஸ் உள்ளே வந்துவிட்டது. தூங்கிவிட்டீர்களா? இல்லை, தூங்கவில்லை. தூங்குகிறவர்களுக்கு இமை இப்படித் துடிக்காது. நானும் செக்கிங்தான் அக்கா, எனக்குத் தெரியும். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே பாருங்கள், கோயம்புத்தூர் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது.

“சேலமெல்லாம் எறங்கியாச்சா? வேற யாரு?”

கண்டக்டர் கேட்கிறார். சத்தமாகச் சொன்னால் குழந்தை எழுந்துவிடும். சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், என் குரல் அவ்வளவுதான் வருகிறது. கையைத் தூக்கலாம் என்றால் ஒரு கை அவள் கழுத்துக்கு அடியில் இருக்கிறது, இன்னொன்றை அவள் விடமாட்டேன் என்கிறாள்.

விசில் கொடுத்துவிட்டார்.

அக்கா, பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது மட்டும் கண்ணைத் திறக்கிறீர்கள். போன் அடிக்கிறது. சார்தான், இறங்கிவிட்டேனா என்று கேட்பார். பை ஓரத்தில் இருக்கிறது, எனக்கு எட்டவில்லை. கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கி என் காதில் வைத்தால் போதும், நான் பேசிக்கொள்கிறேன்.

அது பச்சை இல்லை அக்கா. அதை அமுக்கினால் போன் அணைந்துவிடும். அணைந்துவிட்டது. அதை ஏன் உங்கள் பைக்குள் போடுகிறீர்கள்? அக்கா, ஜிப்பை மூடிவிட்டீர்களே.